குவீன்ஸ்டவுன் முதல் டனீடின் வரை: ஹாலன்ஸ்டைன் தடத்தில் ஒரு வேன் பயணம்

தையல் வேலை தெரிந்தவர்கள், கடை வைத்துப் பிழைத்தவர்கள், சொந்த ஊரை விட்டு வந்து வேறு தேசத்தில் வேர்விட்டவர்கள், இதில் யாராக இருந்தாலும் இந்தப் பயணத்துக்குக் காசு கொடுக்கலாம். ஏரியும் பனிமலையும் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வேண்டாம். அதற்கு குவீன்ஸ்டவுனிலிருந்து வேறு நல்ல பஸ்கள் நிறைய ஓடுகின்றன. இது ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு நியூசிலாந்தின் தென்தீவில் சுமார் 280 கிலோமீட்டர் போகிற பயணம். அவர் பெயர் பெண்டிக்ஸ் ஹாலன்ஸ்டைன். ஜெர்மன் மண்ணில் பிறந்த யூதர். தங்கம் தேடி வந்தவர்களுக்குச் சாமான் விற்கக் குவீன்ஸ்டவுனில் கடை போட்டு, அந்த ஊருக்கே மேயராகி, பார்லிமெண்டுக்கும் போய், கடைசியில் நியூசிலாந்தின் முதல் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையை நிறுவியவர்.

பயணம் நடத்துவது சின்ன ஆட்கள். ஒரு வேன், ஓட்டுகிறவரே வழிகாட்டி. நல்லதோடு குறையையும் எழுதப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி சொன்னால்தான் நான் எதை வைத்து எடை போடுகிறேன் என்று தெரியும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கை மடிக்கிற வேலையில் சேர்ந்து, ஓவர்லாக், பவர் டேபிள் தையல் மெஷின் எல்லாம் ஓட்டி, கட்டிங் கற்று, லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் டனீடினில் நர்ஸாக இருக்கிறாள். இந்தப் பயணத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். "அம்மா, துணி கம்பெனிக்காரர் கதையாமா, உனக்குப் பிடிக்கும், கெளம்பு" என்றாள். வழிகாட்டி பேசுவது எனக்குப் பாதி புரியும். மீதியைக் காதோரமாக அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

காலையில் குவீன்ஸ்டவுனில் ஏற்றிக்கொள்கிறார்கள். முதல் நிறுத்தம் வாக்கட்டிப்பு ஏரிக்கரை. இங்கேதான் பயணத்தின் நேரம் கொஞ்சம் வீணாகிறது. எல்லோரும் போட்டோ எடுக்கட்டும் என்று வெகுநேரம் விட்டுவிடுகிறார்கள். நியாயமாக அந்த நேரத்தை டனீடினுக்கு மிச்சம் பிடித்திருக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் ஏரிக்கரையில் நின்று வழிகாட்டி சொன்ன கதை நன்றாக இருந்தது. ஹாலன்ஸ்டைன் பிறந்தது 1835-இல், பிரன்ஸ்விக் சீமையில் லெஸ்ஸே என்ற கிராமத்தில். அன்றைக்கு ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது, சின்னச் சின்ன அரசுகள்தான். லெஸ்ஸே இன்றைக்கு சால்ஸ்கிட்டர் நகரத்துக்குள் அடங்கிவிட்டது. பையன் மீசை முளைக்கிற வயதில் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வேலைக்குப் போனார். பஞ்சும் நூலும் துணியும் உலகத்துக்கெல்லாம் கப்பலேறிய ஊர் அது. அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியா. டேல்ஸ்ஃபோர்டு என்ற தங்க வயல் ஊரில் அண்ணன்மாரோடு கடை. நடுவில் 1861-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் மேரி மவுண்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். 1863-இல் நியூசிலாந்து.

அந்த வருஷம் ஏன் முக்கியம் என்பதை வழிகாட்டி விரித்துச் சொன்னார். 1861-இல் லாரன்ஸ் என்ற ஊர்ப் பக்கத்தில் கேப்ரியல் ரீட் என்பவர் தங்கம் கண்டுபிடிக்கிறார். அடுத்த வருஷம் ஏரோ ஆறு, ஷாட்டோவர் ஆறு என்று உள்நாட்டிலும் தங்கம் கிடைக்கிறது. அதுவரை வில்லியம் ரீஸ் என்பவரின் ஆட்டுப் பண்ணையாக இருந்த ஏரிக்கரை, திடீரென்று கூடாரமும் சாராயக் கடையுமாக ஊராகிவிடுகிறது. தங்கம் தோண்டுகிறவன் கையில் காசு வரும், போகும். அவனுக்கு மாவு, மண்வெட்டி, கம்பளி, பூட்ஸ் விற்கிறவன் நிலைத்து நிற்பான். ஹாலன்ஸ்டைன் விற்கிற பக்கம் நின்றார்.

மாவு மூட்டை வெகுதூரத்திலிருந்து வண்டியிலும் படகிலும் வந்து சேர வேண்டிய ஊர் அது. அதனால் கூட்டாளியோடு சேர்ந்து, ஏரித் தண்ணீர் கவாராவ் ஆறாக வெளியேறுகிற இடத்தில் ஒரு மாவு மில் போட்டார். அதற்கு வைத்த பெயர் பிரன்ஸ்விக் மில். கோயமுத்தூரில் மதுரை பேர்ல ஓட்டல் இல்லையா, அப்படி என்று மகளிடம் சொன்னேன், சிரித்தாள். இதைக் கேட்டபோதுதான் அந்த மனிதர் எனக்கு மனதுக்கு நெருக்கமானார். விட்டு வந்த ஊரின் பெயரை மாவு மூட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்.

மேயரானது 1869-இல். கடை போட்டு ஆறு வருஷம்தான் ஆகியிருக்கிறது. 1872 வரை அந்தப் பதவியில் இருந்தார். அதே 1872-இல் இடைத்தேர்தலில் ஜெயித்து வாக்கட்டிப்பு தொகுதியின் பார்லிமெண்ட் உறுப்பினர். குவீன்ஸ்டவுனும் டனீடினும் அடங்கிய ஓடாகோ மாகாணத்தின் சபையிலும் இடம். வெளியூர்க்காரர், பிறப்பால் வெளிநாட்டுக்காரர், மதமும் வேறு. எப்படி நடந்தது என்று வேனில் வந்த ஒரு பெரியவர் கேட்டார். வழிகாட்டியின் பதில் எனக்குப் பிடித்தது. குவீன்ஸ்டவுனே அப்போது பிறந்து சில வருஷம்தான் ஆன ஊர், அங்கே எல்லோரும் வெளியூர்க்காரர்கள்தான். யாரிடம் கடன் கிடைக்கிறது, யார் சரக்கு சொன்ன நாளில் வந்து சேர்கிறது என்பதை வைத்துத்தான் ஆளை மதித்தார்கள் என்றார். கடைக்காரருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் அவரைத் தெரியும். இன்றைக்கும் குவீன்ஸ்டவுனில் மலைச்சரிவில் ஏறுகிற ஒரு தெரு அவர் பெயரில் இருக்கிறது. வேன் அதன் வழியாகத்தான் ஊரை விட்டு வெளியே போகிறது.

அடுத்து ஸ்பியர்கிராஸ் ஃபிளாட். இங்கே அவர் கட்டிய தர்ல்பி டொமெய்ன் என்ற பெரிய வீட்டின் இடிபாடு இருக்கிறது. சாலையோரம் நிறுத்திக் காட்டினார்கள். கல் சுவர், மரங்கள், அவ்வளவுதான். நிறுத்தம் சுருக்கமாக இருந்தது, அது சரிதான்.

ஏரோடவுனில்தான் நான் வழிகாட்டிக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். சுற்றுலாக்காரர்கள் கூடுகிற கடைத்தெருவை விட்டுவிட்டு நேராக ஆற்றோரமாக இருக்கிற சீனர் குடியிருப்புக்குக் கூட்டிப்போனார். சின்னச் சின்னக் கல் குடிசைகள். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். எனக்கே தலை தட்டியது. ஆ லம் என்பவர் வைத்திருந்த கடை மட்டும் கொஞ்சம் பெரிதாக, உறுதியாக நிற்கிறது.

வழிகாட்டி சொன்னது இது. முதல் கூட்டம் தங்கம் தோண்டிவிட்டு வேறு பக்கம் ஓடியதும், ஊர்கள் காலியாகிவிடுமோ என்று பயந்து, 1865-இல் டனீடின் வர்த்தக சங்கத்தாரே சீனர்களை வரச்சொல்லி அழைத்தார்கள். மற்றவர்கள் கிளறிப்போட்ட மண்ணை மறுபடி அலசிப் பிழைத்தார்கள் அவர்கள். பதினைந்து வருஷம் போல ஆனதும், 1881-இல், உள்ளே வருகிற ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி என்று சட்டம் போட்டார்கள். 1896-இல் அதை 100 பவுண்டாக்கினார்கள். அந்தச் சட்டத்தை எடுத்தது 1944-இல். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2002-இல், ஹெலன் கிளார்க் பிரதமராக இருந்தபோது.

ஹாலன்ஸ்டைன் பயணத்தில் இதற்கென்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இது இல்லாமல் மற்றது பாதிதான். ஒரே ஆறு, ஒரே தங்கம், இருவருமே தூர தேசத்திலிருந்து வந்தவர்கள், இருவருமே கடை வைத்தவர்கள். ஒருவருக்கு மேயர் நாற்காலி கிடைத்தது. இன்னொருவருக்கு ஆற்றோரக் குடிசையும் வரியும். ஹாலன்ஸ்டைனின் உழைப்பைக் குறைத்து நான் இதைச் சொல்லவில்லை. அவருக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிற வழிகாட்டி நேர்மையானவர், அவ்வளவே. என் மகளுக்கு இங்கே கதவு திறந்திருக்கிறது. அதனால் எனக்கு இது படிக்கிற சரித்திரமாக மட்டும் இல்லை. குடிசை வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி என்று நினைத்து வழிகாட்டி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

அதன் பிறகு கவாராவ் கணவாய், குரோம்வெல், அலெக்ஸாண்ட்ரா, ரோக்ஸ்பரோ, லாரன்ஸ் என்று நீளமான ஓட்டம். ஏரோடவுன், குரோம்வெல், லாரன்ஸ் எல்லாம் ஹாலன்ஸ்டைனுக்குக் கிளைக் கடைகள் இருந்த ஊர்கள். குரோம்வெல்லின் பழைய கடைத்தெருவில் பெரும்பகுதி இன்று தண்ணீருக்கு அடியில். கிளைடு அணை கட்டி 1990-களில் டன்ஸ்டன் ஏரி நிரம்பியபோது முழுகிவிட்டது. கரையில் கொஞ்சம் கட்டடங்களைக் காப்பாற்றி, சிலதைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பழத் தோட்டங்கள் நிறைந்த ஊர். சாலையோரக் கடையில் ஆப்ரிகாட் வாங்கினோம், அவ்வளவு இனிப்பு.

மதியச் சாப்பாடு பயணக் கட்டணத்தில் சேர்ந்தது, ஆனால் சைவக்காரர்களுக்கு ஒரு சாண்ட்விச்சும் ஆப்பிளும்தான். நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துப்போயிருந்தேன். நீங்களும் எடுத்துப்போங்கள். வேனின் பின்சீட்டில் கால் நீட்ட இடமில்லை. வயதானவர்கள் புக் பண்ணும்போதே முன்சீட்டு வேண்டுமென்று சொல்லிவிடுவது நல்லது. ஏறுகிற படியும் உயரம், ஒரு ஸ்டூல் வைத்திருக்கலாம்.

ராத்திரி டனீடினில் தங்கல். மற்றவர்களுக்கு ஏற்பாடு செய்த விடுதி சுத்தமாக இருந்ததாகச் சொன்னார்கள். நாங்கள் மகள் வீட்டுக்கே போய்விட்டோம்.

மறுநாள் காலை ஆக்டகன். டனீடினின் நடுமையம், எட்டுப் பக்கம் கொண்ட திறந்தவெளி. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் சிலைக்குக் கீழே எங்களை நிற்கவைத்து வழிகாட்டி ஆரம்பித்தார். நான் வந்ததே இந்தக் கதைக்குத்தான்.

கடைகளுக்கு ஆயத்த உடுப்பு கிடைப்பதுதான் ஹாலன்ஸ்டைனுக்குப் பெரிய தொல்லை. கோட்டும் கால்சட்டையும் கடல் கடந்து வர வேண்டும். ஆர்டர் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால், வருகிற பெட்டியில் கேட்ட சைஸ் இருக்காது, கேட்ட துணி இருக்காது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். சரக்கு கையில் இல்லாத நாள் கடை திறந்தும் பிரயோஜனம் இல்லை. அப்படியானால் நாமே தைத்தால் என்ன என்று 1873-இல் டனீடினில் தொழிற்சாலையை ஆரம்பித்தார். நியூசிலாந்து குளோதிங் ஃபேக்டரி என்று பெயர். நாட்டில் அதுதான் முதல்.

அதே 1873-இல் பார்லிமெண்ட் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். பயண விளம்பரத்தில் மேயர், பார்லிமெண்ட் உறுப்பினர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பார்லிமெண்டில் அவர் இருந்தது முழுதாக இரண்டு வருஷம்கூட இல்லை. கோச்சு வண்டியும் கப்பலும் பிடித்து வெலிங்டன் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதா, டனீடினில் மெஷின் இறக்கி ஆள் சேர்ப்பதா? இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்தால் அவர் மனசு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரிகிறது. அரசியலை அவர் கேவலமாக நினைத்திருப்பார் என்று சொல்லவில்லை. ஊருக்குக் கணக்கு வழக்கு பார்க்க ஆள் தேவைப்பட்டது, செய்தார். ஆனால் அந்த வாழ்க்கையின் எடை தையல் மெஷின் பக்கம்தான் சாய்கிறது. பயணமும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

தைத்ததை மற்ற கடைகளுக்கு மொத்தமாக விற்பது மட்டும் போதவில்லை. 1876-இல் இதே ஆக்டகனில் சில்லறைக் கடை திறந்து நேராக மக்களுக்கே விற்க ஆரம்பித்தார். தைக்கிறதும் நாமே, விற்கிறதும் நாமே. நடுவில் ஆள் இல்லை என்றால் விலை இறங்கும், எந்த அளவு ஓடுகிறது என்பது அன்றன்றைக்கே கட்டிங் மேஜைக்குத் தெரிந்துவிடும். இன்றைக்குப் பெரிய பிராண்டுகள் எல்லாம் செய்கிற வேலை. 1900 வாக்கில் தெற்கே இன்வர்கார்கிலிலிருந்து வடக்கே ஆக்லாந்து வரை 30-க்கு மேற்பட்ட கிளைகள். 1884-இல் டி.ஐ.சி. என்ற பெரிய பல்பொருள் துணிக்கடையையும் தொடங்கினார். அது பிற்பாடு இருந்த ஆக்டகன் கட்டடத்தில்தான் 1996 முதல் டனீடின் பொதுக் கலைக்கூடம் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க இலவசம். பயணத்தில் இது இல்லை, நாங்கள் பிறகு போனோம்.

ஆக்டகனிலிருந்து கொஞ்ச தூர நடையில் டவுலிங் தெரு. 1883-இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. டேவிட் ராஸ் என்ற கட்டடக்கலைஞரின் வேலை. இப்போது உள்ளே ஓவியக் காட்சியகம் இருக்கிறது. நான் எதிர்ப்பக்கம் நின்று சன்னல்களைத்தான் பார்த்தேன். வரிசை வரிசையாக, உயரமான சன்னல்கள். வெளிச்சம் போதாத ஷெட்டில் கருப்புத் துணியில் கருப்பு நூல் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சன்னலின் அருமை தெரியும். டனீடினில் மழையும் மேகமும் அதிகம். அந்த ஊரில் கம்பளித் துணி தைக்க வேண்டுமென்றால் கிடைக்கிற பகல் வெளிச்சத்தையெல்லாம் உள்ளே இழுத்தாக வேண்டும்.

இங்கே வழிகாட்டி தன் பையிலிருந்து ஒரு பழைய வெயிஸ்ட்கோட்டை, கோட்டுக்கு உள்ளே போடுகிற கையில்லாத உடுப்பை, எடுத்தார். ஏலத்தில் வாங்கியதாம். அந்தக் காலத்து உடுப்பு, ஆனால் லேபிள் கழன்றுபோயிருப்பதால் இந்தத் தொழிற்சாலையில் தைத்தது என்று சொல்ல முடியாது என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். என் கைக்கு வந்ததும் நான் உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. அடர்ந்த பழுப்புக் கம்பளி, முன்பக்கம் கனமாக, முதுகுப்பக்கம் மெல்லிய பருத்திச் சாட்டின். பக்கத் தையல் மெஷினில் ஓட்டியது. நுணுக்கமான தையல், ஒரு இடத்திலும் இழுப்பு இல்லை. தையலுக்கு உள்பக்கம் துணியைத் தாராளமாக, ஒரு விரல் அகலத்துக்கு விட்டிருந்தார்கள், உடம்பு போட்டால் பிரித்து விரித்துக்கொள்ளலாம். பட்டன் போடுகிற துளையான காஜா மட்டும் கையால் கட்டியது. உள்ளே ஒரு கனமான நூலை வைத்து, அதன்மேல் முடிச்சு முடிச்சாக, ஓரம் மேடாக எழும்பி நிற்கும்படி கட்டியிருந்தார்கள். ஆறு காஜா. ஐந்து ஒரே கை. மேலிருந்து கடைசியாக இருப்பது மட்டும் வேறு கை, முடிச்சு இடைவெளி அகலம். ஒன்று பின்னால் யாரோ பழுது பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேரம் முடிந்து வேறொருத்தி முடித்துக் கொடுத்திருக்க வேண்டும். மகள் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் வழிகாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். தன்னிடம் இத்தனை வருஷமாக இருக்கிறது, கவனித்ததே இல்லை என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். இப்படிக் கேட்டுக்கொள்கிற வழிகாட்டி கிடைப்பது பெரிய விஷயம்.

ஆனால் அந்த காஜா கட்டிய பெண்களைப் பற்றி அவர் பேசியது இரண்டே வாக்கியம். இதுதான் இந்தப் பயணத்தின் பெரிய குறை. பாக்கியை மகள் வீட்டுக்கு வந்து நூலகப் புத்தகங்களில் படித்துச் சொன்னாள். நானே எழுதிவிடுகிறேன்.

1880-களில் வியாபாரம் மந்தமானபோது டனீடினில் தையல் கூலி தரைமட்டத்துக்கு வந்தது. தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து தைக்கிறவர்களைவிட, துணியை வீட்டுக்கு வாங்கிப்போய் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கிற பெண்கள் பாடுதான் மோசம். சட்டைக்கு இத்தனை பென்னி என்று கணக்கு. ராத்திரி வெகுநேரம் தைத்தாலும் வாடகைக்கும் ரொட்டிக்கும் பற்றாது. 1888 அக்டோபரில் ரதர்ஃபோர்டு வாடெல் என்ற பிரெஸ்பிட்டேரியன் பாதிரியார், மலிவாக வாங்குவதே பாவம் என்ற பொருளில் ஒரு பிரசங்கம் செய்தார். பத்திரிகை அதைப் பிடித்துக்கொண்டு விசாரித்து எழுதியது. 1889-இல் தையல்காரப் பெண்கள் சங்கம் உருவானது. நாட்டின் முதல் பெண்கள் தொழிற்சங்கம் அது. வாடெல் முதல் தலைவர். ஹேரியட் மோரிசன் என்ற தையல்காரப் பெண் துணைத்தலைவராக இருந்து பிறகு செயலாளரானார். 1890-இல் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைத்தது. அதே சங்கத்துப் பெண்கள் ஓட்டுரிமை மனுவுக்குக் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனார்கள். 1893 செப்டம்பரில் நியூசிலாந்துப் பெண்களுக்கு ஓட்டு வந்தது. தன்னாட்சி நடத்தும் நாடுகளில் அதுதான் முதல்.

டவுலிங் தெருவில் அந்தச் சன்னலுக்குக் கீழே நின்று சொல்ல வேண்டிய கதை இது. ஒரு கடைக்காரர் அரசியலுக்குப் போய் ஓட்டு வாங்கி ஜெயித்த கதையை முதல் நாள் முழுக்கக் கேட்டோம். அவர் தொடங்கி வைத்த தொழிலில் உட்கார்ந்து தைத்த பெண்கள் தங்களுக்கே ஓட்டு வாங்கின கதை அடுத்த நாள் வர வேண்டும். ஹாலன்ஸ்டைனைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அன்றைக்கு ஊர் கோபப்பட்டது பெரும்பாலும் வீட்டுக்குக் கொடுத்து வாங்குகிற கூலி வேலை மேல்தான், கூரைக்குக் கீழே நேரக் கணக்கோடு நடந்த வேலை மேல் அல்ல. திருப்பூரிலும் அப்படித்தான்: கம்பெனிக்குள் இருக்கிறவளுக்கு ஷிஃப்ட் உண்டு, ரிஜிஸ்டர் உண்டு, வீட்டுத் திண்ணையில் பிசிர் வெட்டுகிறவளுக்கும் காஜா பட்டன் வைக்கிறவளுக்கும் ஒன்றும் கிடையாது. நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். அதனால்தான் அந்த இரண்டு வாக்கியம் எனக்குப் போதவில்லை.

இதை இறங்கும்போது வழிகாட்டியிடம் நேரிலேயே சொன்னோம். ஏரிக்கரை போட்டோ நேரத்தில் பாதியை எடுத்து இங்கே வையுங்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை, அடுத்த பருவத்துக்குத் திட்டத்தை மாற்றும்போது சேர்ப்பதாகச் சொன்னார்.

கடைசிப் பகுதி குடும்பக் கதை. ஹாலன்ஸ்டைனுக்கு நான்கு மகள்கள், மகன் இல்லை. பிரன்ஸ்விக் சொந்தத்திலிருந்து வந்த அக்கா தங்கை வழி உறவுக்காரப் பையன் வில்லி ஃபெல்ஸ் மகள் சாராவைக் கட்டிக்கொண்டு கம்பெனியைக் கவனித்தார். அத்தை பையன் மாமன் மகள் என்று மகள் விளக்கியதும், "நம்மூர் முறைதான் கண்ணு" என்று சொன்னேன். இந்த ஃபெல்ஸ் சம்பாதித்ததையெல்லாம் பழம்பொருள் சேகரிப்பில் போட்டு, அதை ஓடாகோ மியூசியத்துக்குக் கொடுத்தவர். அங்கே 1930-இல் திறந்த ஒரு பகுதிக்கே அவர் பெயர். அவருடைய பேரன் சார்ல்ஸ் பிராஷ் கவிஞர். 1947-இல் லேண்ட்ஃபால் என்ற இலக்கியப் பத்திரிகையைத் தொடங்கியவர். கோட்டு தைத்து விற்ற காசு இரண்டு தலைமுறை தாண்டிக் கவிதைக்கும் மியூசியத்துக்கும் போயிருக்கிறது. ஹாலன்ஸ்டைன் 1905-இல் டனீடினில் காலமானார். அவர் பெயரில் ஆண்கள் உடுப்புக் கடைகள் இன்றும் நாடெங்கும் இருக்கின்றன. மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் போட்ட கோட்டே அங்கே வாங்கியதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தோள் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, லைனிங் சுருக்கமில்லாமல் விட்டிருக்கிறார்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்றில் பெரும்பகுதி டவுலிங் தெருவுக்கு, கொஞ்சம் பின்சீட்டுக்கு. ஆங்கிலம் சரளமாக வராத அம்மா அப்பாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் கூடவே மொழிபெயர்க்க ஒருவர் கட்டாயம் வேண்டும். வழிகாட்டி மெதுவாகத்தான் பேசுகிறார், ஆனால் வேன் ஓடும்போது பின்னால் கேட்காது. குளிர்காலத்தில் கணவாய்ச் சாலையில் காலையில் பனி உறைந்து கிடக்கும், கிளம்பவே தாமதமாகலாம் என்றார்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் குரோம்வெல்லில் பழமும் கிடைக்கும். கூட்டம் பத்துப் பேருக்குள்தான் எடுக்கிறார்கள், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். வெயிஸ்ட்கோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நேரமில்லாத நாளில் பையிலிருந்து எடுக்காமலே விட்டுவிடுகிறாராம்.